டோரேமானைத் தந்தவரின் மேசை: கவாசாகி ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ அருங்காட்சியகம்

ஜப்பானியப் படக்கதை ஓவியர் ஹிரோஷி ஃபுஜிமோட்டோ 1996 செப்டம்பர் 20 அன்று வரைந்துகொண்டிருக்கும்போதே நினைவிழந்தார். கையில் பென்சில் இருந்தது. மூன்று நாள் கழித்து, 23ஆம் தேதி, 62 வயதில் காலமானார். ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ அவருடைய புனைபெயர். எதிர்காலத்திலிருந்து வந்த ரோபோ பூனை டோரேமான், அவன் துணை நிற்கும் சிறுவன் நோபிதா, நோபிதாவோடு வரும் ஷிசுகா, ஜியான், சுனியோ எல்லாரும் அவர் பேனா பெற்ற பிள்ளைகள். பாதியில் நின்ற கடைசி நெடுங்கதையை, அவர் விட்டுப்போன பென்சில் கோடுகளையும் குறிப்புகளையும் வைத்து உதவியாளர்கள் முடித்தார்கள். டோரேமான் தொடருக்கு ஒரு கடைசிக் கதையை அவர் எழுதி வைக்கவேயில்லை.

அவரை நினைத்துப் போய் நிற்க ஓர் இடம் வேண்டுமென்றால், அது டோக்கியோவை ஒட்டிய கவாசாகி நகரத்தின் தாமா வட்டத்தில் இருக்கும் இந்த அருங்காட்சியகம்தான். அவர் பல்லாண்டு வாழ்ந்த வட்டாரம் இது. அவர் வரைந்த மூலப் படங்களைக் குழந்தைகளிடம் சேர்க்க வேண்டும் என்று அவருடைய மனைவி முன்வந்ததால் உருவானது. 2011 செப்டம்பர் 3 அன்று திறந்தார்கள். தேதியைக் கவனித்தீர்களா? கதைப்படி டோரேமான் பிறப்பது 2112 செப்டம்பர் 3. சரியாக 101 வருடத்துக்கு முன்பே அவனுக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சறுக்கும் வண்டி, சுற்றும் ராட்டினம் எதிர்பார்த்து யாரும் போக வேண்டாம். ஊஞ்சல்கூடக் கிடையாது. ஒரு மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து காகிதத்தில் செய்த வேலை, அந்த வேலையைச் சுற்றி மூன்று மாடி. அப்படி நினைத்துப் போனவர்கள் நிறைந்த மனதோடு திரும்புகிறார்கள். படம் எடுத்துப் போட மட்டும் போனவர்கள் ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள்.

டிக்கெட்டில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். வாசலில் டிக்கெட் விற்பதில்லை. நாளும் நுழையும் நேரமும் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும். பெரியவர்களுக்கு 1,000 யென், நடுநிலை, உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு 700, நான்கு வயது முதல் சிறுவர்களுக்கு 500. அதற்குக் கீழ் இலவசம். கட்டணமும் நேரமும் மாறக்கூடியவை, கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். விற்பனை, ஜப்பானில் எங்கும் இருக்கும் லாசன் என்ற பலசரக்குச் சங்கிலிக் கடைகளின் வழியாக நடக்கிறது. கடைக்குள் இருக்கும் லோப்பி என்ற இயந்திரத்தில் பதிந்தால் ஒரு துண்டுச் சீட்டு வரும். அது டிக்கெட் இல்லை. 30 நிமிடத்துக்குள் கல்லாவில் கொடுத்துப் பணம் கட்டினால்தான் டிக்கெட் கையில் கிடைக்கும். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேராக ரயில் ஏறினால் பதிவு ரத்தாகிவிடும், வாசலில் நிற்கும்போதுதான் அது தெரியவரும். ஜப்பானிய எழுத்து வாசிக்கத் தெரியாதவர்கள் லோப்பியோடு மல்லுக்கட்ட வேண்டாம். லாசன் டிக்கெட்டின் ஆங்கில இணையதளத்தில் ஊரிலிருந்தே வாங்கிவிடலாம். அங்கே இன்னொரு கவனம்: மிதாகாவில் இருக்கும், ஜிப்லி என்ற அனிமேஷன் நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்கும் அதே நிறுவனம்தான் டிக்கெட் விற்கிறது. அவசரத்தில் ஒன்றுக்கு மற்றொன்றை வாங்கிவிடாதீர்கள். ஒடாய்பாவில் இருக்கும் டோரேமான் எதிர்கால டிபார்ட்மென்ட் ஸ்டோர் வேறு. அது பொம்மையும் பரிசுப் பொருளும் விற்கும் கடை. அவர் வரைந்த காகிதம் ஒன்றையும் அங்கே பார்க்க முடியாது.

செவ்வாய்க்கிழமை விடுமுறை. வருடக் கடைசியிலும் சில நாள் மூடியிருக்கும். சனி, ஞாயிறும் ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் முழுக்க வரும் பள்ளி விடுமுறையும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

வழியிலும் ஒரு பொறி உண்டு. பெயரில் கவாசாகி இருப்பதால் கவாசாகி நிலையத்தில் இறங்குகிறவர்கள் ஏராளம். நகரம் நீளவாக்கில் கிடக்கிறது. அந்த நிலையம் ஒரு முனை, அருங்காட்சியகம் கிட்டத்தட்ட மறுமுனை. அங்கே இறங்கிவிட்டால் நாம்பு தடத்தில் ஏறி இன்னும் அரை மணி நேரம் போக வேண்டும். ஷின்ஜுகுவிலிருந்து ஒடாக்யூ தடத்தில் நோபொரிதோ வருவதே சரி. துரித ரயிலில் ஏறினால் சுமார் 20 நிமிடம். தனிக்கட்டணம் கேட்கும் ரோமான்ஸ்கார் தேவையில்லை. பெரிய பெட்டி இருந்தால் ஷின்ஜுகு நிலையத்து லாக்கரிலேயே போட்டுவிட்டு வாருங்கள். நோபொரிதோவின் ஒடாக்யூ நடைமேடையில் ரயில் வரும்போது ஒலிக்கும் மெட்டு டோரேமான் பாட்டு. இறங்கியவுடன் படிக்கட்டுக்கு ஓடாமல் ஒரு நிமிடம் நின்று கேட்டுவிட்டுப் போகலாம்.

நிலையத்துக்கு வெளியே நகரப் பேருந்து நேராக அருங்காட்சியகத்துக்கே போகிறது, பத்து நிமிடத்துக்குள். முன்வாசலில் ஏறும்போதே கட்டணம் செலுத்த வேண்டும். சுயிகா, பாஸ்மோ அட்டை இருந்தால் சில்லறை தேட வேண்டாம். பேருந்தின் உடம்பு முழுக்க அவருடைய பாத்திரங்கள். காலை முதல் நுழைவு நேரத்துக்குப் போகிறவர்கள் அரை மணி முன்னதாகவே பேருந்து வரிசையில் நிற்பது நல்லது. அந்த நேரத்து டிக்கெட் வைத்திருக்கும் எல்லாரும் அதே ஒன்றிரண்டு பேருந்துக்குத்தான் காத்திருப்பார்கள். நடக்கத் தயங்காதவர்கள் நாம்பு தடத்தின் ஷுகுகவாரா நிலையத்திலிருந்து கால் மணி நேரம் நடந்தும் வரலாம். செர்ரி பூக்கும் நாட்களில் அங்கிருக்கும் நிகாரியோ கால்வாய் ஓரம் அழகாக இருக்கும்.

உள்ளே நுழையும்போது ஆளுக்கொரு கையடக்கக் கருவி தருவார்கள், தொலைபேசி மாதிரி. காட்சிப் பொருளுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணை அழுத்தினால் விளக்கம் பேசும். ஜப்பானியம் தவிர ஆங்கிலம், சீனம், கொரியன் உண்டு. தமிழ் இல்லை. இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது, மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். சுவரில் இருக்கும் குறிப்புகள் பெரும்பாலும் ஜப்பானியத்தில்தான் இருப்பதால், கருவி இல்லாமல் சுற்றினால் பாதி இழப்பு. ஒருமுறை வெளியே போய்விட்டால் திரும்ப நுழைய முடியாது. ஆனால் உள்ளே எவ்வளவு நேரம் இருக்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. மாலை 6 மணிக்கு மூடும் வரை இருக்கலாம்.

தரைத்தளத்து முதல் காட்சியறைதான் இந்த இடத்தின் உயிர். கண்ணாடிக்குள் மூலப் பக்கங்கள். வெளிச்சம் மங்கலாகவே இருக்கும், வண்ண மை வெளிச்சம் பட்டால் வெளுத்துப்போகும் என்பதால். அருங்காட்சியகத்தின் கையிருப்பில் சுமார் 50,000 மூலப் பக்கங்கள் இருக்கின்றன. சுவரில் இருப்பவற்றை அவ்வப்போது மாற்றுகிறார்கள். ஒரு வருடம் பார்த்த பக்கம் மறுவருடம் இருக்காது. காட்சியறைகளில் புகைப்படம் எடுக்கத் தடை. இந்தத் தடையை நாங்கள் மனதார ஆதரிக்கிறோம். கையில் போன் இல்லாதபோதுதான் கண் காகிதத்துக்குப் போகிறது.

அங்கே என்ன பார்ப்பது என்று தெரிந்து போனால் ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடம்கூடப் போதாது. மாங்கா என்னும் ஜப்பானியப் படக்கதை வலமிருந்து இடமாக ஓடும். வலது மேல் மூலையில் தொடங்குங்கள். மூலப் பக்கம் அச்சான புத்தகத்தைவிடப் பெரியது. குறுக்கி அச்சிடும்போது கோடு இறுகித் தெரியும், இங்கே அதே கோடு மூச்சு விடுகிறது. பேச்சுக் குமிழிகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். எழுத்துகள் அவர் கையெழுத்து இல்லை. தனியாக அச்சுக்கோத்து வெட்டி ஒட்டிய சிறு காகிதத் துண்டுகள். பழைய பக்கங்களில் ஒட்டின பசை மஞ்சளாகி, துண்டின் விளிம்பு லேசாகத் தூக்கி நிற்கும். ஓரத்தில் வெளிர்நீலப் பென்சில் குறிகள் தெரிந்தால் அவை அச்சகத்துக்கான குறிப்புகள். அச்சுக் கேமரா அந்த நீலத்தைப் பிடிக்காது என்பதால் அழிக்க வேண்டியதில்லை. அப்புறம், வெள்ளை மை. தவறிய கோட்டை அதைப் பூசி மறைத்திருப்பார்கள். பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் காகிதத்தின் மேல் சின்ன மேடாகத் தெரியும். ஒரு வளைவு சரியாக வரவில்லை என்று அதைப் பூசி மறைத்துவிட்டு அதன் மேலேயே திரும்ப வரைந்த இடம் அது. அச்சில் பார்த்தவர்களுக்கு அந்த முதல் கோடு இருந்ததே தெரியாது.

இத்தனை உழைப்பும் எந்த வேகத்தில் நடந்தது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். டோரேமான் தொடங்கியது 1969 டிசம்பரில் வெளிவந்த, 1970 ஜனவரி தேதியிட்ட இதழ்களில். ஒரே நேரத்தில் ஷோகாகுகான் நிறுவனத்தின் ஆறு சிறுவர் இதழ்கள். மழலையர் முதல் நான்காம் வகுப்பு வரை, ஒவ்வொரு வயதுக்கும் தனி இதழ். முதல் கதையையே ஒவ்வொரு வயதுக்கும் தக்கபடி வேறு வேறாக வரைந்தார். பிறகு 45 தொகுதிகள், 1,300க்கும் மேற்பட்ட கதைகள்.

அடுத்தது அவருடைய அறை. அவர் உட்கார்ந்து வரைந்த மேசையே வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மேலே அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரத்துக்குப் புத்தக அலமாரி. டைனோசர்கள், வரலாறு, விண்வெளி, பழைய திரைப்படங்கள் என்று அவர் மனம் போன திசையெல்லாம் அதில் தெரியும். ரகுகோ என்னும் ஜப்பானியக் கதைசொல்லும் கலையில் அவருக்குப் பெரும் பிரியம். ஒருவரே உட்கார்ந்த இடத்தில் எல்லாப் பாத்திரமாகவும் பேசி, கடைசி வரியில் ஒரு கவிழ்ப்பு கவிழ்த்துக் கதையை முடிப்பார். டோரேமான் கதைகள் பலவும் பத்துப் பக்கத்துக்குள் அப்படியே முடிவதைக் கவனித்துப் பாருங்கள். டோரேமான் தரும் அதிசயக் கருவி கையில் வந்ததும் நோபிதா பேராசைப்படுவான், கடைசிக் கட்டத்தில் அது அவன் தலையிலேயே விடியும். அறிவியல் புனைகதை என்பதன் ஆங்கிலச் சுருக்கமான எஸ்எஃப் என்ற இரண்டு எழுத்துக்கு அவர் ஜப்பானியத்தில் வேறு விரிவு சொன்னார்: சுகோஷி ஃபுஷிகி, கொஞ்சம் விசித்திரம். சாதாரணத் தெரு, சாதாரண வீடு, அதற்குள் விசித்திரமாக ஒரே ஒரு பொருள். மேசைக்கு முன்னால் கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒதுங்கி நின்று காத்திருந்தால் மதியம் மூன்று மணி வாக்கில் சில நிமிடம் ஆளில்லாமல் கிடைக்கும். பேசாமல் நிற்பதற்கு அது போதும்.

மேல்மாடியில் மாறும் கண்காட்சி அறை, சிறு திரையரங்கு, படிக்கும் மூலை. திரையரங்கில் இங்கு மட்டுமே காட்டும் குறும்படம் ஓடுகிறது, ஒரு டிக்கெட்டுக்கு ஒருமுறைதான். வசனம் ஜப்பானியத்தில் இருந்தாலும் குழந்தைகள் பின்தங்குவதில்லை. வெளிப்புறத்தில் விறகுவெட்டியின் ஊற்று இருக்கிறது. கதையில் ஜியான் தவறி விழ, தேவதை எடுத்துக்காட்டுவாளே, பளபளக்கும் கண்களோடு ஒரு நல்ல ஜியான், அவனேதான். அடிபம்பின் கைப்பிடியை அடித்தால் மெல்ல மேலே எழுந்து வருவான். நடுவில் நிறுத்தாமல் அடிக்க வேண்டும், சிறு பிள்ளைக்குக் கை சோர்ந்துவிடும். பெரியவர் ஒருவர் கூடப் பிடித்தால் நல்லது.

கூரைத் திடலில் கதைகளில் வரும் காலி மனையின் மூன்று சிமெண்டுக் குழாய்கள், எங்கும் போகும் கதவு, நோபிதா வளர்த்த டைனோசர் பீசுகே. இங்கே படம் எடுக்கலாம். வரிசை ஒழுங்காக நகரும். மழை நாளில் இந்தப் பகுதியின் சுகம் போய்விடும், அதனால் மழை இருந்தால் காட்சியறைகளுக்கே முழு நேரத்தையும் கொடுங்கள். டோரேமான் உருவங்களுக்குப் பக்கத்தில் பிள்ளையை நிறுத்தும்போது ஒரு கணக்கு சொல்லிக் கொடுக்கலாம்: அவன் உயரம் 129.3 சென்டிமீட்டர், எடை 129.3 கிலோ, பிறந்த தேதியும் அதே 12, 9, 3. அந்தக் காலத்து நான்காம் வகுப்புப் பிள்ளையின் சராசரி உயரத்தை எடுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். நோபிதா அவனை அண்ணாந்து பார்க்கக் கூடாது, குனிந்தும் பார்க்கக் கூடாது.

உணவகம் சுமார்தான். ருசி குறையில்லை, காத்திருப்புதான் குறை. முதலில் வரிசை எண் வாங்க வேண்டும், மதிய நேரத்தில் ஒரு மணி நேரம் கடந்துவிடலாம். உள்ளே வந்தவுடன் எண்ணை வாங்கிவிட்டு இரண்டாம் காட்சியறைக்குப் போவது உத்தமம். மனப்பாட ரொட்டி என்று கதையில் வருமே, பாடப் பக்கத்தில் ஒற்றிச் சாப்பிட்டால் மனதில் பதியும் என்று, அதன் வடிவில் சூத்திரம் பதித்த பிரெஞ்சு டோஸ்ட் இருக்கிறது. அதை ஒன்று வாங்கி இருவர் பகிர்ந்தால் போதும். முழு வயிற்றுக்கு நோபொரிதோ நிலையத்தைச் சுற்றியே நிறையக் கடைகள். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் சாப்பிட்டுவிட்டே உள்ளே போங்கள். மீன் சாறு சேராத சூடான உணவு ஜப்பானில் எளிதில் கிடைக்காது. பரிசுக் கடையில் பொம்மைகளைவிட, மூலப் படங்களின் மறு அச்சுகளும் அஞ்சலட்டைகளும்தான் எங்களுக்குப் பிடித்தவை. பொம்மை டோக்கியோவில் எங்கும் கிடைக்கும்.

ஏமாற்றத்தைத் தவிர்க்க இதையும் சொல்ல வேண்டும்: நிஞ்ஜா ஹட்டோரியைத் தேடி இங்கே வராதீர்கள். ஃபுஜிமோட்டோவும் மோட்டோ அபிகோவும் தொயாமா மாகாணத்தின் தகாவோகா நகரில் தொடக்கப்பள்ளித் தோழர்கள். பெரியவர்களான பின் டோக்கியோவில் தோகிவாசோ என்ற குடியிருப்பில் ஆளுக்கு நாலரைப் பாய் மட்டும் விரிக்கக்கூடிய சிறு அறையில் தங்கி வரைந்தார்கள். 1980களின் இறுதி வரை இருவரும் ஃபுஜிகோ ஃபுஜியோ என்ற ஒரே பெயரில் எழுதினார்கள். பிரிந்தபின் ஒருவர் எஃப், மற்றவர் ஏ என்று ஓரெழுத்து சேர்த்துக்கொண்டார்கள். ஹட்டோரி அபிகோவின் பிள்ளை. டோரேமான், பெர்மேன், கிதெரெட்சு ஃபுஜிமோட்டோவின் பிள்ளைகள். அபிகோ 2022 ஏப்ரலில் 88 வயதில் காலமானார். அவருக்காகப் போக வேண்டிய ஊர் அவர் பிறந்த ஹிமி, தகாவோகாவிலிருந்து ரயிலில் அரை மணி. கடைவீதியில் ஹட்டோரி சிலைகள் நிற்கின்றன. தகாவோகாவிலும் நேரம் இருந்தால் ஒரு நாள் தங்கலாம். வார்ப்புத் தொழிலுக்குப் பெயர்போன ஊர் என்பதால் டோரேமானுக்கு வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். நீல டிராம் ஒன்று இளஞ்சிவப்புக் கதவோடு தெருவில் ஓடுகிறது.

எந்த நாள் போவது? செப்டம்பர் 3 திருவிழாக் கூட்டம், அமைதி கிடைக்காது. அவர் மறைந்த செப்டம்பர் 23 இலையுதிர்காலச் சமநாளை ஒட்டி வருகிறது. ஜப்பானியர்கள் குடும்பத்தோடு கல்லறைக்குப் போய் நீர் ஊற்றி, பூ வைத்து வரும் ஹிகான் வாரம் அது. நினைவுக்குப் பொருத்தமான வாரம்தான், ஆனால் பொது விடுமுறை சேர்வதால் டிக்கெட் முன்பே எடுத்துவிடுங்கள். அமைதிதான் முக்கியம் என்றால் அவருடைய பிறந்தநாளான டிசம்பர் 1 ஒட்டிய வார நாள் ஒன்றில், மதிய நுழைவு. மூன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். அதில் ஒன்றரை மணி தரைத்தளத்துக்கே.

கடைசி அரை மணி நேரத்தைப் படிக்கும் மூலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். டோரேமான் தொகுதிகளில் ஆறாவதை எடுத்துக் கடைசிக் கதைக்குப் போங்கள். 1974 மார்ச்சில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் இதழில் வந்தது. டோரேமான் எதிர்காலத்துக்குத் திரும்ப வேண்டும். அவன் கவலையில்லாமல் போகட்டும் என்று நோபிதா, இரவில் ஜியானிடம் தனியாக அடிவாங்குகிறான். விழுந்து விழுந்து எழுகிறான், கடைசியில் ஜியானே சலித்து விட்டுக்கொடுக்கிறான். மொழி தெரியாவிட்டாலும் படம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். விடிந்ததும் வெறும் அறை. கண் கலங்காமல் அந்தப் பக்கத்தைத் தாண்டுகிறவர்கள் குறைவு. ஆனால் அதோடு புத்தகத்தை மூடிவிட்டு எழுந்துவிட வேண்டாம். ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. மார்ச்சில் அழுத பிள்ளைகள் அடுத்த மாதம் நான்காம் வகுப்பு இதழைப் பிரித்தபோது, சொன்னதெல்லாம் பொய்யாகும் மருந்தைக் குடித்த நோபிதா, டோரேமான் இனி வரவே மாட்டான் என்று சொல்கிறான். அந்தக் கதை ஏழாம் தொகுதியில் இருக்கிறது. அதையும் படித்துவிட்டுப் பேருந்துக்குப் போங்கள்.